திரும்பி வராதவர்களைப் பற்றி ஒரு கேள்வி

என் குஞ்சுக்கு,

“அந்த றிவியூவர் நாசமாய்ப் போக” என்று நேற்றுப் பின்னேரம் நீ போனில் திட்டினாயே, அது நான்தான். உன்னைப் பெற்றவளை நீயே வாய் நிறையத் திட்டிவிட்டாய். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது, ஒரு பக்கம் பயம் வந்தது. “அடியே, அது நான்தான்” என்று சொல்ல வாய் உன்னிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டேன். விடிந்ததிலிருந்து குசினிக்கும் விறாந்தைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். “இஞ்சாரும், என்ன, பூனை குட்டியைக் காவிற மாதிரித் திரியிறீர்? ஒரு இடத்திலை இருமன்” என்று அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து சொல்கிறார். அவருக்கும் சொல்ல முடியாது. யாருக்குமே சொல்ல முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு எப்படி ஒரு இடத்தில் இருப்பது? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இந்தக் கடிதத்தை இப்போது உனக்குத் தரவும் முடியாது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

நீ சொன்னதெல்லாம் காதுக்குள்ளேயே நிற்கிறது. “கூறைச் சேலை எடுக்கிற நாளிலை மாப்பிள்ளை இல்லை. அவரின்ரை அம்மா என்ரை முகத்தைப் பார்க்கிறா, நான் அவவின்ரை முகத்தைப் பார்க்கிறன். கடைக்காரன் வேறை, மாப்பிள்ளை வரேல்லையோ எண்டு கேக்கிறான். ஆரோ முகம் தெரியாத ஒருத்தன் கேட்ட கேள்விக்காக என்னைக் கடையிலை நிக்க விட்டிட்டு மீன் லொறியிலை ஏறிப் போன மனிசனை நான் கட்டவோ? அப்பாட்டைச் சொல்லுங்கோ, மண்டபம் வேண்டாமெண்டு சொல்லிவிடட்டும்.” நான் உனக்குச் சொன்னது ஒரே ஒரு வசனம்: “அவன் போனதிலை பிழையில்லை, பிள்ளை.” அதற்கு நீ, “உங்களுக்கு அவரைத்தான் பெத்தது மாதிரி” என்று சொல்லிவிட்டுப் போனைப் பட்டென்று வெட்டிவிட்டாய். அவன் எடுத்தாலும் நீ எடுக்கவில்லையாம். தையில் கலியாணத்தை வைத்துக்கொண்டு கார்த்திகையில் இப்படி ஒரு கூத்து.

சின்ன வயதில் நீ நான் வேலை செய்யும் மேசைக்கு அடியில் புகுந்து இருப்பாய். ஆஸ்பத்திரியால் வந்து, சாப்பிட்டு, அந்த மேசையில் தாள்களைப் பரப்பினேன் என்றால் அது ஏதாவது மருத்துவச் சஞ்சிகை மதிப்பாய்வுக்கு அனுப்பியதாக இருக்கும். நீ அதைப் பரீட்சைத் தாள் என்று நினைத்திருந்தாய். “அம்மா, இது ஆர் எழுதினது?” “தெரியாது.” “அவைக்கு உங்களைத் தெரியுமோ?” “தெரியாது.” “அப்ப நீங்கள் பிழை விட்டா உங்களுக்கு என்னெண்டு பேச்சு விழும்?” என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டேன். அன்றைக்கு நீ கேட்டதுதான் சரியான கேள்வி என்று இப்போது படுகிறது.

இந்த றிவியூவர் வேலை இவ்வளவுதான். ஒரு வைத்தியர் எதையோ கண்டுபிடித்தேன் என்று கட்டுரை எழுதி அனுப்புவார். சஞ்சிகை ஆசிரியர் எழுதியவரின் பெயரை வெட்டிவிட்டு, அந்த விடயம் தெரிந்த இரண்டு மூன்று பேருக்கு அதை அனுப்புவார். எங்கள் பெயரும் எழுதியவருக்குத் தெரியாது. சம்பளம் கிடையாது, நன்றி கூடக் கிடையாது. சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறதா, எதையாவது பார்க்காமல் விட்டிருக்கிறாரா என்று நாங்கள் சொல்ல வேண்டும். கட்டுரை ஒரு முடிவுக்கு வரும்வரை அதைப் பற்றி வெளியில் மூச்சும் விடக்கூடாது. போடுவதா விடுவதா என்று முடிவெடுப்பது ஆசிரியர். நாங்கள் கேள்வி கேட்கிற ஆட்கள் மட்டும்தான். ஆனால் அந்தக் கேள்வியை நாங்கள் கேட்காவிட்டால் கட்டுரை அச்சில் ஏறிவிடும். அச்சில் ஏறினால் வேறு வைத்தியர்கள் அதை நம்பி மருந்து எழுதுவார்கள். பிறகு அது பிழையாகப் போனால், அனுபவிப்பது எங்கோ ஒரு கட்டிலில் கிடக்கிற ஒருவர். இவ்வளவு காலமும் நான் இதை விடாமல் செய்ததற்கு அதுதான் காரணம். அப்பா நினைக்கிற மாதிரி, மற்றவர்களில் பிழை பிடிக்கிற ருசியால் இல்லை. சரி, கொஞ்சம் அந்த ருசியும்தான்.

போன மாசி மாதம் ஒரு கட்டுரை வந்தது. உன் மாப்பிள்ளை செந்தூரனின் பெயரையே நீ எங்களுக்கு வாய் திறந்து சொல்லாத காலம். மீன் முள் குத்திக் கை வீங்கி வருகிறவர்களைப் பற்றிய கட்டுரை. அதிகம் கெளிறு முள், சிலது திருக்கை. இவர்களுக்குக் கிழமைக்கணக்கில் மருந்து கொடுக்கத் தேவையில்லை, சில நாள் கொடுத்தாலே போதும் என்பது அதன் முடிவு. வடிவாக எழுதியிருந்தது. மருந்து குறைந்தால் நல்லதுதானே என்று நானும் சந்தோசமாக வாசித்துக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரு வசனத்தில் கால் தடக்கியது: மீண்டும் காட்ட வரச் சொல்லியும் வராதவர்கள் குணமடைந்தவர்களாகக் கொள்ளப்பட்டனர்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. நோயாளர்களைச் சேர்த்த மாதங்களைப் பார்த்தேன். வாடைக்காற்றுத் தொடங்குகிற மாதங்கள். ஊரின் பெயர் இல்லை, ஆனால் மீனையும் காலத்தையும் பார்க்க எங்கள் வடகரைதான் என்று தெரிந்துவிட்டது. பிள்ளை, நான் பருத்தித்துறைக் கரையில் பிறந்தவள். வாடை வீசத் தொடங்கினால் அங்கே கடல் கொந்தளிக்கும், தொழில் இல்லை. அரைவாசி ஊர் வள்ளம் வலையோடு, பெண்சாதி பிள்ளைகளோடு மன்னார்ப் பக்கம் போய், கரையில் தென்னங்கிடுகால் குடிசை மாதிரி வாடி போட்டு அங்கேயே இருக்கும். காற்று மாறினால்தான் திரும்பும். கையில் முள் குத்தினவன் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வரவில்லை என்றால் அவனுக்குச் சுகம் என்று அர்த்தமா? அவன் ஊரிலேயே இல்லையே!

அதை எழுதினேன். எழுதினதோடு விட்டிருக்கலாம். கடைசியில், “இதை விசாரிக்காத வரையில் இக்கட்டுரை காயத்தைப் பற்றியது அல்ல, காற்றைப் பற்றியது” என்று ஒரு வசனம் போட்டேன். போட்டுவிட்டு இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன், அவ்வளவு பெருமை. பெயர் மறைந்திருந்தால் நாக்கு இப்படித்தான் நீளும். என் பெயரைக் கீழே போட வேண்டியிருந்தால் அந்த வசனத்தை எழுதியிருக்க மாட்டேன், கேள்வியை மட்டும் எழுதியிருப்பேன். உன் அப்பாவை நான் இத்தனை வருடமாக மதிப்பாய்வு செய்கிறேன், ஆனால் முகத்துக்கு முன்னால் நின்று, என் பெயரிலேயே. அதனால்தான் குடும்பம் ஓடுகிறது.

பிறகு நீ செந்தூரனைப் பற்றிச் சொன்னாய். உரும்பிராயில் தோட்டக்கார வீடு, பையன் டொக்டர் என்றாய். கடற்கரை வீட்டுப் பெண்ணை அவர்கள் எப்படி எடுப்பார்களோ என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. அவன் முதன்முதலாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த அன்று நண்டுக் கறி வைத்தேன், பருத்தித்துறையிலிருந்து பெரியம்மாவையும் கூப்பிட்டிருந்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும், பெரியம்மா தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கும்போது சுண்டுவிரல் மடங்காமல் நீட்டிக்கொண்டு நிற்கும். சின்னனில் நீ அதைப் பார்த்து, “பெரியம்மா வெள்ளைக்காரி மாதிரிக் குடிக்கிறா” என்று உன் விரலையும் நீட்டிக் காட்டுவாய். அவவும் சேர்ந்து சிரிப்பா. அன்றைக்கும் அப்படித்தான் விரலை நீட்டிக்கொண்டு கதிரையில் இருந்தா. செந்தூரன் அந்தக் கையையே பார்த்ததை நான் கண்டேன். அப்போது அதை யோசிக்கவில்லை.

அப்பா அவனிடம், “தம்பி, என்ன ஆராய்ச்சி கீராய்ச்சி செய்யிறியளோ?” என்று கேட்டதுதான் தாமதம், பையன் பொரிந்து தள்ளினான். “அதையேன் மாமா கேக்கிறியள்? ஒரு கட்டுரை அனுப்பினனான். ஒருத்தன் எழுதியிருக்கிறான், அது காயத்தைப் பற்றினது இல்லையாம், காற்றைப் பற்றினதாம். உந்தாள் கொழும்பிலை ஏசிக்குள்ளை இருந்து எழுதுது. சீவியத்திலை ஒருநாள் கடற்கரை மண்ணை மிதிச்சிருக்குமோ தெரியாது.” எனக்குக் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றுவிட்டது. அப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறார், “ஆனா நல்லாத்தான் எழுதியிருக்கிறான், என்ன?” என்கிறார். நீயோ, “எரிச்சல் பிடிச்ச கிழவனா இருக்கும், விடுங்கோ” என்று அவனைத் தேற்றுகிறாய். நான் என்ன செய்ய? “இன்னொரு நண்டுக்கால் போடட்டோ, தம்பி?” என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்கு நரகம். செந்தூரன் கட்டுரையைத் திருத்தி அனுப்புவான், அது வழக்கப்படி திரும்பவும் என்னிடம்தான் வரும். அதில் என் கேள்விக்கு அவன் என்ன பதில் எழுதியிருப்பான்? மன்னார் வரை போய்ப் பார்ப்பானா, அல்லது இரண்டு சொல்லை மாற்றிப் போட்டு மெழுகிவிடுவானா? நிறையப் பேர் மெழுகுவார்கள், எனக்குத் தெரியும். ஒரு மனிதனை அறிய இதைவிட என்ன வழி இருக்கிறது, சொல்லு? சாதகம் பார்த்தோம், குடும்பம் விசாரித்தோம், அப்பா யாரையோ பிடித்து அவன் குடிப்பானா என்றும் விசாரித்தார். ஆனால் தன்னைப் பிழை என்று சொன்ன, முகம் தெரியாத ஒருவருக்கு அவன் எப்படிப் பதில் சொல்கிறான் என்பதை நான் மட்டும்தான் பார்க்க முடியும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், கட்டுரை தானாக வரும். என் மகளின் சீவியம் இது, எனக்கு இந்த உரிமை இல்லையா என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு கிழமை இழுத்தடித்தேன். பிறகு ஆசிரியருக்கு எழுதினேன்: எழுதியவர் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அவர் எனக்கு மருமகனாக வரப்போகிறவர், திருத்திய கட்டுரையை எனக்கு அனுப்ப வேண்டாம், வேறு ஆளைப் பாருங்கள். அனுப்பிவிட்டுக் குசினிக்குள் போய் ஒரு மூச்சு அழுதேன். உன்னை விட்டுக்கொடுத்த மாதிரி இருந்தது. ஆனால், பிள்ளை, அவன் வேறு யாருக்கோ எழுதுகிற பதிலை ஒளிந்திருந்து வாசித்து மாப்பிள்ளை பார்ப்பது என்ன பழக்கம்? நாளைக்கு நீ அவனுடைய போனை எடுத்து நோண்டினால் உன்னைப் பேச எனக்கு வாய் இருக்குமா? அவன் எப்படிப்பட்டவன் என்பதை நீ அவனோடு வாழ்ந்துதான் அறிய வேண்டும். அதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்திருந்தும் நான் போகவில்லை.

பொறு, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தேன்.

பொங்கி வழிந்துவிட்டது. அப்பாவின் பேச்சும் கேட்டாயிற்று. எங்கே விட்டேன்? ஓம், நேற்று, கூறை எடுத்த நாள். சஞ்சிகை கொடுத்த தவணை முடியப்போகிறது, அவனுக்குக் கிடைத்த லீவு அந்த ஒரு சனி ஞாயிறுதான். குருநகரில் ஒரு மீன் லொறிக்காரர் வாடிகளுக்கு ஐஸ் ஏற்றிப்போகிறவர், அந்தச் சனிக்கிழமை கூட்டிப்போகிறேன் என்றாராம். இதையெல்லாம் உனக்கு முதலே சொல்லியிருக்க வேண்டும், அதில் அவன் செய்தது முழுப் பிழை. காலமை வெளிக்கிடும்போது “அவசரமா மன்னாருக்குப் போறன், கட்டுரை அலுவல்” என்று ஒரு மெசேஜைத் தட்டிவிட்டுப் போவது ஒரு பேச்சா? அதை நான் அவன் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டேன்.

ஆமாம், சொன்னேன். அவன் இன்று காலமை இங்கே வந்தான். நீ போனை எடுக்காததால், நீ இங்கேதான் நிற்கிறாய் என்று நினைத்து லொறியால் இறங்கி நேரே வந்திருக்கிறான். நீ நேற்றே கொழும்பு றெயில் ஏறிவிட்டாய் என்று சொன்னதும் முகம் செத்துப்போயிற்று. சேர்ட்டெல்லாம் கருவாட்டு மணம், கண் சிவந்து, தலை எல்லாம் மணல். அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு, “மாப்பிள்ளை, முதல் கிணத்தடிக்குப் போம்” என்றார். குளித்து வந்து இடியப்பத்துக்கு முன்னால் இருந்து, சாப்பிடாமல் கதைத்தான்.

“மாமி, நான் உரும்பிராயான். எங்கடை பக்கத்திலை ஒருத்தர் கிளினிக்குக்கு வராட்டி, ஒண்டில் சுகம், இல்லாட்டிப் பக்கத்துத் தோட்டக்காரன் வந்து சொல்லுவான். தோட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஆர் எங்கை போறது? சனம் ஊரோடை பெயர்ந்து போகுமெண்டு என்ரை மண்டையிலை ஏறேல்லை. கேள்வி கேட்ட அந்தாள் சொன்னது சரி. வராத ஆக்களிலை கனபேரை வாடியிலை கண்டனான். சிலருக்குச் சுகம், சிலருக்கு விரல் மடங்குதில்லை. என்ரை முடிவை வெட்டத்தான் வேணும்.”

எனக்கு உள்ளுக்குள் எழும்பி ஆட வேண்டும் போல இருந்தது. நான் களவாகப் பார்க்க ஆசைப்பட்ட பதில், இடியப்பத் தட்டுக்கு முன்னால் தானாக வந்து இருக்கிறது. “ஓம் தம்பி, சாப்பிடுங்கோ” என்று மட்டும் சொன்னேன். அவன் நிறுத்தவில்லை.

“ஆனா மாமி, அந்தாளும் ஒண்டை விட்டிட்டார். அவர் வராத ஆக்கள் எங்கை எண்டு கேட்டவர். முதல் தரமே வராத ஆக்களைப் பற்றி அவரும் கேக்கேல்லை, நானும் கேக்கேல்லை. வாடியிலை வலையிலை இருந்து மீனைக் கழட்டுறது, தரம் பிரிக்கிறது எல்லாம் பொம்பிளையள். அவைக்குத்தான் முள் கூடக் குத்துது. ஒருத்தரும் ஆஸ்பத்திரிப் பக்கம் வந்ததில்லை. எங்கடை கட்டுரையிலை அவை ஒருத்தரும் இல்லை. ஒரு அஞ்சாறு பேரின்ரை கையைப் பார்த்தனான், மாமி. சுண்டுவிரல் நீட்டிக்கொண்டு நிக்குது.” தன் சுண்டுவிரலை நீட்டிக் காட்டினான். “அங்கை நிண்டு எனக்கு உங்கடை வீட்டு ஞாபகம்தான் வந்தது. உங்கடை அக்காவின்ரை விரல் என்னெண்டு அப்பிடி வந்தது?”

என்ரை சொந்த அக்கா. ஊரார் கட்டுரைகளையெல்லாம் பிரித்துப் பார்த்து, இதைப் பார்த்தாயா, அதைக் கேட்டாயா என்று எழுதுகிறவள் நான். அந்த விரலை அவவின் சிரிப்பு மாதிரி, அவவின் நடை மாதிரி, அவவோடு பிறந்தது என்றே வைத்திருந்தேன். “தெரியாது, தம்பி” என்றேன். அவன் சாப்பிட்டுவிட்டு உரும்பிராய்க்குப் போய்விட்டான். தாயிடம் பேச்சு வாங்க.

அவன் படலையைத் தாண்டியதும் அக்காவுக்கு எடுத்தேன். “அக்கா, உங்கடை சுண்டுவிரல் என்னெண்டு அப்பிடி வந்தது?”

“என்ன, டொக்டர் அம்மாவுக்கு இப்பதான் கண் தெரியுதோ?” என்று சிரித்தா. “கெளிறு குத்தினது. வலை கழட்டேக்கை. நீ அப்ப மெடிக்கல் படிச்சுக்கொண்டிருந்தனி.”

“ஆஸ்பத்திரிக்குப் போகேல்லையோ?”

“போனா மீனை ஆர் பார்க்கிறது? மஞ்சளைச் சுட்டு வைச்சுக் கட்டினது.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை, அக்கா?”

“நீ கேக்கேல்லையேடி.”

போனை வைத்த பிறகும் மனம் அக்காவின் விரலிலேயே நின்றது. பால் வைத்ததை மறந்தது அதனால்தான். நான் மறைக்க வேண்டியது கட்டுரையையும் என் பங்கையும்தான். அக்காவின் விரல் எந்தச் சஞ்சிகைக்கும் சொந்தமில்லை, அதை யாருக்கும் சொல்லலாம் என்று இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் பட்டது. இந்த வரிக்கு முன்னால் பேனையை வைத்துவிட்டு உனக்கு எடுத்தேன்.

நீ “என்ன?” என்றுதான் தொடங்கினாய், உனக்கே தெரியும். பெரியம்மாவின் விரல் எப்படி அப்படி ஆனது என்று நான் சொன்னேன். கெளிறு, வலை, மஞ்சள், எல்லாவற்றையும் சொன்னேன். நீ, “நான் சின்னனிலை அவவைப் பழிச்சுக் காட்டுறனான், என்ன அம்மா” என்றாய். “இவ்வளவு நாளும் ஒருத்தரும் கேக்கேல்லையே. நீங்கள் என்னெண்டு இப்ப கேட்டனீங்கள்?”

“நான் கேக்கேல்லை, பிள்ளை. செந்தூரன்தான் கேட்டவன். மன்னாரிலை இருந்து வந்த கையோடை.”

“வையுங்கோ அம்மா, நான் ஒரு கோல் எடுக்கோணும்” என்றாய்.

கட்டுரை அச்சில் வந்த பிறகுதான் இது உன் கைக்கு வரும். அதில் உன் புருசனின் பெயர் இருக்கும். கேள்வி கேட்டவளின் பெயர் இருக்காது, அது அப்படித்தான். நீ விரும்பினால் அவனிடம் சொல்லு, அந்த எரிச்சல் பிடித்த கிழவன் யார் என்று. ஆனால் அதற்கு முதல் பெரியம்மாவிடம் ஒருக்கால் போய், அவவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு வா.

அம்மா